வீழாத பெண்களும் வீழ்த்திய எழுத்தும்

கண்டி மாவட்டத்திலே மெனிக்ஹின்னையை அடுத்து வலல என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியின் மாணவி தருஷி கருணாரத்ன, 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி சீனத்தின் ஹாங்சோ நகரிலே நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்திலே தங்கப் பதக்கம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. ஆசிய விளையாட்டுப் போட்டியின் மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளிலே இலங்கைக்குத் தங்கம் கிடைத்து இருபத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. 2002இலே புசான் நகரிற் சுசந்திகா ஜயசிங்கவும் தமயந்தி தர்ஷாவும் வென்றவையே அதற்கு முந்தியவை.

மறுநாட் காலை நாம் கற்பிக்கும் பாடசாலையிலும் அதுவே பேச்சாயிருந்தது. அடுத்த சில நாட்களில் மாணவர் சிலர் பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்துச் சுவர்ப்பலகையிலே ஒட்டினர். இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓடுகின்ற பத்தாந்தர மாணவி ஒருத்தி, தோட்டத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவள், அவற்றை ஒன்றுவிடாமல் வாசித்தாள். வாசித்து முடித்து நம்மிடம் வந்து, "டீச்சர், மின்னல் மாதிரி ஓடினாங்கன்னு இருக்கு, எல்லாரும் அழுதாங்கன்னு இருக்கு. எப்படி ஓடினாங்கன்னு மட்டும் ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்டாள்.

அக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். நம் விமர்சகர்கள் நாவலையும் கவிதையையும் துருவித் துருவி ஆராய்கின்றனர். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை எழுத்தாகவே கணிப்பதில்லை. ஆயினும் நம் மாணவரிற் பலர் தாமாகவே விரும்பி வாசிக்கும் தமிழ் உரைநடை அதுவேயாகும். அவ்வுரைநடை ஒரு பெண்ணின் ஓட்டத்தை எவ்வாறு காண்கின்றது, எதனைக் காணாது விடுகின்றது என்று நோக்குவது விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்று என்பது எமது துணிபு. ஏனெனில், ஓட்டத்தைப் பற்றிய பொய்யான எழுத்து ஓடுபவளின் சுவட்டையே பறித்துவிடக்கூடும். அவ்வாறு பறித்த வரலாறும் உண்டு.

முதலிலே மாணவி கேட்ட கேள்விக்கு வருவோம். 800 மீற்றர் என்பது மைதானத்தை இருமுறை சுற்றிவருவது. முதல் வளைவு முடியும்வரை ஒவ்வொருவரும் தத்தம் சுவட்டிலேயே ஓடல் வேண்டும். அதன்பின் எவரும் உட்சுவட்டை நாடி வரலாம். அவ்விடத்திலேதான் போட்டியின் முதற் சிக்கல் தோன்றுகின்றது. உள்ளே புகுந்தவளுக்குத் தூரம் குறையும். ஆனால் முன்னே ஒருத்தி, பக்கத்தே ஒருத்தி என்று அடைபட்டுப்போனால், கால்களிலே வலு இருந்தும் வெளியேற வழி இராது. வெளியே ஓடுபவளுக்கு வழி திறந்திருக்கும். ஆனால் ஒரு சுவடு தள்ளி ஓடினால் ஒவ்வொரு வளைவிலும் ஏறக்குறைய நான்கு மீற்றர் அதிகம் ஓட நேரும். முன்னே செல்பவள் காற்றைப் பிளந்து செல்லவேண்டும். பின்னே வருபவள் அவளுடைய நிழலிலே மூச்சை மிச்சம் பிடிக்கலாம். மணி ஒலித்து இரண்டாஞ் சுற்றுத் தொடங்குகையில், எப்பொழுது விரைவைக் கூட்டுவது என்பதே முழு வினாவாகின்றது. முந்திக் கூட்டினால் கடைசி நூறு மீற்றரிலே தசைகள் இரும்பாய்க் கனக்கும். பிந்திக் கூட்டினால் இடைவெளி கைமீறிப் போய்விடும். இவையனைத்தையும் ஓடிக்கொண்டே, ஏறக்குறைய இரண்டு நிமிடத்துள் முடிவு செய்தல் வேண்டும்.

இதனை மனத்திற்கொண்டு தருஷியின் இரு வெற்றிகளை ஒப்பு நோக்குவோம். 2023 ஜூலையிலே பாங்கொக்கில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் சாம்பியன் போட்டியில் அவர் 2 நிமிடம் 0.66 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அது அப்போட்டித் தொடரின் சாதனை நேரமாகவும் அமைந்தது. மூன்று மாதங்களின் பின் ஹாங்சோவில் அவர் தங்கம் வென்ற நேரம் 2 நிமிடம் 3.20 செக்கன். அதாவது இரண்டரைச் செக்கன் தாமதமாக ஓடியே பெரிய பதக்கத்தை வென்றார். இரண்டாவதாக வந்த இந்திய வீராங்கனை ஹர்மிலன் பெய்ன்ஸின் நேரம் 2 நிமிடம் 3.75 செக்கன். இடைவெளி அரைச் செக்கனைச் சற்றே மிஞ்சியது. விரைவு மாத்திரம் கணக்கானால் ஹாங்சோ ஓட்டம் பாங்கொக் ஓட்டத்திலும் தாழ்ந்தது என்றல்லவா கொள்ள வேண்டும்? சாம்பியன் போட்டியிலே கடிகாரத்தை வெல்வது ஒரு திறன். பக்கத்தில் ஓடுபவர்களை வெல்வது இன்னொரு திறன். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி மூன்று மாத இடைவெளியில் இரு திறன்களையும் காட்டினாள் என்பதே செய்தி. 'மின்னல்' என்ற ஒரு சொல் இவ்விரண்டையும் விழுங்கிவிடுகின்றது. மின்னலுக்குச் சிந்தனை இல்லை, பயிற்சியும் இல்லை.

உவமை ஒன்று தவறிப்போனதற்கு இத்துணை விசாரமா என்று வாசகர் வினவலாம். எழுத்தின் தவறு எத்துணை தூரம் பாயும் என்பதற்கு 1928ஆம் ஆண்டைச் சான்றாகக் காட்டுவோம்.

அவ்வாண்டிலே அம்ஸ்ரடாம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியிலேதான் பெண்களுக்கு முதன்முதலாக மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள் சில திறந்துவிடப்பட்டன. அவற்றுள் நீண்ட ஓட்டம் 800 மீற்றர். ஓகஸ்ட் 2ஆந் திகதி நடந்த இறுதிப்போட்டியில் ஒன்பது பெண்கள் ஓடினர். ஒன்பது பேரும் ஓடி முடித்தனர். முதலாவதாக வந்த ஜேர்மனியின் லீனா ராட்கெ 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனை படைத்தார். இரண்டாவது ஜப்பானின் கினூயே ஹிதோமி. மூன்றாவது சுவீடனின் இங்கா கென்ற்செல். இம்மூவரும் அதுவரை இருந்த உலக சாதனை நேரத்தை முறியடித்தவர்கள். முடிவுக் கோட்டைக் கடந்தபின் சிலர் களைப்பினாற் புல்லிலே சாய்ந்தனர். முழு வலுவையும் கொடுத்து ஓடிய ஆண்களும் நேற்றும் இன்றும் அவ்வாறே சாய்கின்றனர்.

மேலைநாட்டுப் பத்திரிகைகள் சில இதனை எவ்வாறு எழுதின? பதினொரு பெண்கள் ஓடியதாகவும், ஐவர் இடையிலே கைவிட்டதாகவும், ஐவர் முடிவிலே வீழ்ந்ததாகவும் எழுதின. ஓடியவர்கள் ஒன்பதே பேர் என்ற எளிய எண்ணிக்கையைக்கூட அவை சரிபார்க்கவில்லை. பெண்ணின் உடல் நீண்ட ஓட்டத்தைத் தாங்காது, தாய்மைக்குக் கேடு விளையும், மூப்பு முந்தி வரும் என்று மருத்துவத்தின் பெயராலும் பலர் பேசினர். விளைவு யாது? பெண்களின் 800 மீற்றர் ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1932 முதல் 1956 வரை 200 மீற்றரிலும் நீண்ட ஓட்டம் எதுவும் பெண்களுக்கு அங்கே இல்லை. 1960இலே ரோம் நகரிலேதான் 800 மீற்றர் மீண்டது. அவ்வாண்டு சோவியத் வீராங்கனை லுட்மிலா ஷெவ்ற்சோவா வென்ற நேரம் 2 நிமிடம் 4.3 செக்கன். முப்பத்திரண்டு ஆண்டுகளாக உலகப் பெருமேடை பெண்களுக்கு மறுத்தது எதனை என்பதை அவ்வெண் தானே கூறும்.

இரண்டாவதாக வந்த ஹிதோமியைப் பற்றி ஒரு சொல். அவர் குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் பெயர் பெற்றவர். 100 மீற்றரில் இறுதிப்போட்டிக்குத் தெரிவாகாது போகவே, முன்னர் போட்டிகளில் ஓடியிராத 800 மீற்றருக்குத் துணிந்து இறங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவரே. ஒசாக்கா நகரின் மைனிச்சிப் பத்திரிகையிலே பணிபுரிந்த பத்திரிகையாளருமாவார். 1931இலே, அதே ஓகஸ்ட் 2ஆந் திகதி, இருபத்துநான்கு வயதில் நோயுற்று இறந்தார். ஓட்டக்காரியே எழுத்தாளராகவும் இருந்த அவ்வபூர்வ நிலையை எண்ணுகையில், அன்று அவ்வோட்டத்தைப் பற்றி உலகம் நம்பவேண்டியது எவருடைய எழுத்தை என்ற கேள்வி எழாமலிராது.

ரோமின் பின்னரும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1500 மீற்றர் 1972இலும், 3000 மீற்றரும் மரதனும் 1984இலும், 10,000 மீற்றர் 1988இலும், 5000 மீற்றர் 1996இலும், தடை தாண்டும் 3000 மீற்றர் 2008இலும் பெண்களுக்குக் கிடைத்தன. ஒவ்வொரு தூரமும் தனித்தனியே வழக்காடிப் பெறப்பட்டதுபோற் காணப்படுகின்றது. 1984இலே லொஸ் ஏஞ்சல்ஸ் மரதன் ஓட்டத்தின் முடிவில், சுவிற்சர்லாந்தின் கப்ரியேலா அன்டர்சன் வெப்பத்தால் வாடித் தள்ளாடியவாறு மைதானத்துள் நுழைந்தார். கடைசிச் சுற்றைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேலாயிற்று. முப்பத்தேழாவதாக வந்து முடித்தார். 1928இலே காணாத வீழ்ச்சியைக் கண்டதாக எழுதி ஓட்டத்தை நிறுத்தினார்கள். 1984இலே கண்முன் தள்ளாடிய பெண்ணை மனவுறுதியின் வடிவமாகப் போற்றினார்கள். பெண்ணின் உடல் ஐம்பத்தாறு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. பார்க்கும் கண் மாறியது; எழுதும் பேனாவும் மாறியது.

நம்மிடையே அக்கண் எத்துணை மாறியுள்ளது? முன்னே கூறிய மாணவியின் தாயார் தேயிலை கொய்பவர். மகள் பதினோராந் தரத்துக்குப் போனதும் ஓட்டத்தை விட்டுவிட வேண்டும் என்பது அவர் கருத்து. பெற்றோர் கூட்டத்திலே நம்மிடம், "பொம்பளப் புள்ள அம்புட்டுத் தூரம் ஓடினா ஒடம்பு கெட்டுப் போகாதுங்களா?" என்று கேட்டார். கேட்டவர் அன்று காலையும் கொழுந்துக் கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்கியவர். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் அவ்வாறே ஏறி இறங்கியவர். அவரை நாம் குறை கூறவில்லை. அம்ஸ்ரடாமின் பெயரையே அறியாத அத்தாயின் வாயிலே 1928இன் வாதம் அப்படியே இருந்ததைக் கண்டு திகைத்தோம். கூலிக்கு மலையேறினால் உடல் கெடாது, பதக்கத்துக்கு ஓடினாற் கெடும் என்ற இவ்விநோதத் தருக்கத்தைச் சமுதாயம் அவருக்குக் கற்பித்திருக்கின்றது.

அதனைக் கற்பித்ததில் இலக்கியத்துக்கும் பங்குண்டு. தமிழ்ப் புலவர் மரபிலே பெண்ணின் கால் என்றால் மெல்லடி. அவள் செல்வது அன்னநடை. சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும்போது நாமும் இதனையே அழுத்திக் கூறிவந்துள்ளோம். புகாரை விட்டுப் புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதுமே கண்ணகி களைத்து, மதுரை எங்குள்ளது என்று வினவுகிறாள். முப்பது காதத்துக்கு அப்பாலுள்ள அந்நகரை அண்மையிலுள்ளதாகச் சொல்லி ஆற்றுகிறான் கோவலன். அவ்விடத்தின் அவலச்சுவையை எத்தனையோ பேர் வியந்து விளக்கியுள்ளனர். அம்முப்பது காதத்தையும் அவள் நடந்தே முடித்தாள் என்பதை வியந்தவர் எத்தனை பேர்? மதுரை எரிந்தபின் தனியளாய் வையைக்கரை வழியே மேற்கே நடந்து சேர நாட்டு மலையில் ஏறியவளும் அவளே. காவியத்திலே நெடுநடை இருக்கின்றது. உரையாசிரியராகிய நாம் தொடக்கத்துக் களைப்பைப் பிடித்துக்கொண்டு, முடித்த தூரத்தைக் கைவிட்டோம்.

மலையக இலக்கியம் இவ்விடயத்தில் ஒரு வழியைக் காட்டியிருக்கின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணைச் சுற்றுலாச் சுவரொட்டியின் அழகுப்பொருளாகக் கண்ட கண்களுக்கு எதிரே, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவளை உழைப்பாளியாகக் காட்டினர். அவளுடைய கை, கூடை, நிறுவை, பெயர் என்பன எழுத்துக்குள் வந்தன. ஓடும் பெண்ணைப் பற்றிய எழுத்துக்கும் அதே மாற்றம் தேவை. அவளுடைய ஓட்டம் உழைப்பு. கற்றுத் தேறிய தொழில். தொழிலை அறிந்து எழுதுவதே அவளுக்குச் செய்யும் மரியாதை.

அவ்வாறு எழுதத்தக்க ஓட்டங்கள் நம் அயலிலேயே நிகழ்ந்துள்ளன. 2010 நவம்பரிலே குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களின் 10,000 மீற்றர் ஓட்டத்தை நினைவுகூர்வோம். மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்றும் அவ்வோட்டத்தில் கேரளத்தின் பிரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 செக்கனில் முதலாவதாகவும், மகாராட்டிரத்தின் கவிதா ராவுத் 31 நிமிடம் 51.44 செக்கனில் இரண்டாவதாகவும் வந்தனர். பத்துக் கிலோமீற்றர் ஓடியபின் இருவருக்குமிடையே எஞ்சியது ஒரு செக்கனுக்கும் குறைவு. பிரீஜா இடுக்கி மலைநாட்டவர். கவிதா நாசிக் அருகே பழங்குடிக் கிராமத்தவர். இருவரும் வறுமையை அறிந்தவர்களே. ஆயினும் இருபத்து நான்கு சுற்றுகளை ஓடியபின் கடைசிச் சுற்றுக்கு வலுவை வைத்திருப்பது வறுமை தந்த வரமன்று. எந்தச் சுற்றை எந்த நேரத்தில் ஓடுவது என்று ஆண்டுக்கணக்காகக் கால்களுக்குப் பாடம் சொல்லியதன் பயன் அது.

எழுத்து செய்யக்கூடிய இன்னொரு கொடுமையையும் இங்கே கூறாதிருக்க இயலாது. நம் தோட்டங்களிலே முதியோரைக் கேட்டால், தம் முன்னோரின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம், திருச்சிப் பக்கம் என்று பலர் கூறுவர். அந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலே செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாய்ப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசெம்பரிலே டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.16 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். பதினேழு ஆண்டுகளின் பின் ஹாங்சோவில் தங்கம் வென்ற நேரத்தைவிட அது செக்கனின் நூறிலொரு பங்கில் நான்கு குறைவு. ஆனால் பாலினப் பரிசோதனை ஒன்றைக் காரணங்காட்டி அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. பிறப்பால் அமைந்த உடலைக் குற்றமாக்கி, அவரது அந்தரங்கத்தை ஊரறியச் செய்தி ஆக்கினர். அன்று தொட்டு அவர் எவ்வாறு ஓடினார் என்பது எவருக்கும் நினைவில்லை; அவர் உடல் எத்தகையது என்பதே பேச்சாயிற்று. 2012இலே அவர் செங்கற்சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வந்தபோது மீண்டும் இரக்கம் பெருகிற்று. பின்னர் அவர் தமிழ்நாட்டு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலே பயிற்றுநராகிப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்பித்தார். பறிப்புக்கும் இரக்கத்துக்கும் எழுந்த ஆரவாரம் அப்பணிக்கு எழவில்லை. வீழ்ச்சியையே தேடும் கண்ணுக்கு, எழுந்து நின்று பணியாற்றும் பெண் செய்தியாகப் படுவதில்லை.

இவ்விடத்தில் நம் நண்பர்கள் ஒரு மறுப்பைக் கூறுவர். "வறுமையை எழுதாதே என்கிறீர்களா? முற்போக்கு எழுத்தின் உயிரே அதுவல்லவா?" என்பர். வறுமையை எழுதத்தான் வேண்டும். ஆனால் வறுமையைக் காரணமாக ஆராய்வது ஒன்று. வெற்றிக்கு அணிகலனாகச் சூட்டுவது வேறொன்று. 'ஏழைப் பெண் அற்புதம் புரிந்தாள்' என்று எழுதுகையில், ஏழ்மையையும் மாற்ற வேண்டியதில்லை, அற்புதத்துக்கும் விளக்கம் வேண்டியதில்லை என்றாகிவிடுகின்றது. வாசகர் கண்ணீர் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவார். மைதானம் எங்கே, பயிற்றுநர் எங்கே, உணவு எங்கே என்று கேட்கவேண்டிய கேள்விகள் அக்கண்ணீரிலே கரைந்துபோகும்.

தருஷியின் வெற்றிக்கு விளக்கம் உண்டு. வலலயிலே ஒரு பாடசாலை இருந்தது. அங்கே சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருந்தார். ஓடுகின்ற சக மாணவியர் இருந்தனர். 1940களிலே கன்னங்கராவின் இலவசக் கல்வி முயற்சியோடு கிராமப்புறங்களில் எழுந்தது மத்திய கல்லூரி என்னும் ஏற்பாடு; நகரத்துச் செல்வருக்கே உரியதாயிருந்த வசதிகளிற் சில அதனாலேயே உழவன் மகளுக்கும் எட்டின. இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 1948இலே இலண்டனில் 400 மீற்றர் தடை தாண்டலிற் பெற்ற டங்கன் வைற், கண்டித் திரித்துவக் கல்லூரியின் மாணவர். அக்கல்லூரியிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள வலலயின் மாணவிக்கு ஆசியத் தங்கம் கிட்ட எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. இவ்விரண்டுக்குமிடையே கிடப்பது இந்நாட்டுக் கல்வியின் வரலாறேயாகும்.

அவ்வரலாற்றிலே நம்மவர் எங்கு நிற்கின்றனர்? இலவசக் கல்வி மலர்ந்த அதே தசாப்தத்தின் இறுதியில், 1948இலே, தோட்டத் தொழிலாளர் குடியுரிமை இழந்தனர். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அதுவரை ஓர் அறை, ஓர் ஆசிரியர், அரைநாட் படிப்பு என்பதே அங்குப் பெரும்பாலும் நிலை. பின்பு எவ்வளவோ முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது, மறுக்கவில்லை. ஆயினும் சரிவிலே கட்டிய பாடசாலைக்குச் சமதரை மைதானம் ஏது? 'மலையிலே ஏறி இறங்கும் பிள்ளைகள், பிறவியிலேயே ஓட்டக்காரர்' என்று நம் மேடைகளிற் பேசுவோர் உளர். ஏறி இறங்குதலே ஓட்டக்காரரை ஆக்குமாயின், 1867இலே தேயிலை பயிராகத் தொடங்கிய லூல்கந்துர தோட்டத்திலிருந்து இதற்குள் எத்தனை உலகச் சாம்பியன்கள் தோன்றியிருக்க வேண்டும்! மலையகத்தவரான வேலு கிருஷாந்தினி தேசிய மட்ட நெடுந்தூர ஓட்டங்களிலே தம் பெயரைப் பதித்திருக்கின்றார். அவரைக் கொண்டாடும் நாம், அவரைப்போன்ற இன்னும் பலர் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. 'பிறவித்திறன்' என்ற புகழ்ச்சி, செய்யவேண்டியதைச் செய்யாதவர்களுக்கு வசதியான போர்வையாகிவிடுகின்றது.

ஆசிரியராகிய நாமும் இக்குற்றத்தினின்று நீங்கியவரல்லோம். பரீட்சை நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்கி இலக்கணம் நடத்தியவர்கள் நாம். வலயமட்டப் போட்டிக்கு மாணவியரை அனுப்புகையில் சப்பாத்து இருக்கின்றதா என்று கேட்க மறந்தவர்கள். வென்று வந்தால் காலைக் கூட்டத்திலே 'புயலெனப் பாய்ந்தாள்' என்று புகழ்ந்துவிட்டு, தோற்று வந்தால் 'பரவாயில்லை' என்று தட்டிக் கொடுத்தவர்கள். ஏன் வென்றாள், ஏன் தோற்றாள் என்று ஒருநாளேனும் உட்கார்ந்து பேசியதில்லை. 2024இலே பாரிஸ் ஒலிம்பிக்கில் தருஷி அரையிறுதியை எட்டாதபோது நம்மைச் சுற்றிலும் கேட்ட பேச்சை எண்ணிப் பார்க்கிறோம். முந்திய ஆண்டிலே அற்புதம் என்றவர்களே 'என்ன நடந்தது?' என்று சலித்தனர். அற்புதத்துக்குத் தோற்கும் உரிமை இல்லை. தொழில் கற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது உண்டு. தோல்வியும் அவளுக்கு ஒரு பாடம்.

மாணவியின் கேள்விக்கு நாம் நேராக விடை கூறவில்லை. "நீ ஓடியதை நீயே எழுது, மின்னலும் மானும் வேண்டாம்" என்று சொன்னோம். அடுத்து வந்த வலயமட்டப் போட்டியிலே அவள் 1500 மீற்றரில் நான்காவதாக வந்தாள். வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகைக்கு இரண்டு பக்கம் எழுதித் தந்தாள். முதற் சுற்றிலே கூட்டத்தோடு விரைந்து மூச்சை வீணாக்கியது, இரண்டாஞ் சுற்றில் முன்னே சென்றவளின் முதுகை மட்டும் பார்த்து ஓடியது, மூன்றாஞ் சுற்றிலே கால் வலுவாயிருந்தும் பயந்து பின்தங்கியது, கடைசி வளைவில் ஒருத்தியை முந்தியும் மூன்றாமவளை எட்டாதது என எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தாள். நான்காவதாக வந்ததற்கு அழவுமில்லை, பிறரைப் பழிக்கவுமில்லை. சந்திப்பிழை ஐந்தாறு இருந்தன. அவற்றை மாத்திரம் திருத்தி முதற்பக்கத்திலே சேர்த்தோம்.

சஞ்சிகையை அவள் வீட்டுக்குக் கொண்டு சென்று தாயாருக்கு வாசித்துக் காட்டினாளாம். ஓட்டம் உடலுக்குக் கேடு என்று அஞ்சிய அத்தாய் இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். கேட்டுவிட்டுச் சற்றுநேரம் யோசித்து, "அடுத்த வருசம் மூணாஞ் சுத்துலயே போயிரு. கடைசி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத" என்றாராம். ஓட்டத்தை விடச் சொன்னவர் ஓட்டத்துக்கு வழி சொல்கிறார். ஆண்டுக்கணக்காக மலைச்சரிவிலே வலுவைக் கணக்கிட்டுச் செலவிட்டு வாழ்ந்த அவருக்கு, உண்மையை எழுதிக் காட்டியதும் ஓட்டம் விளங்கிவிட்டது. நமது பத்திரிகைகள் தம் வாசகர்களாக எண்ணவேண்டியது அத்தாயைப் போன்றவர்களையே.